நேரலை மெசேஜ் அமைப்பைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் ஊழியர்களை வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் கொண்டு சேர்க்கும் வண்டிகளின் இருப்பிடத்தை நேரலையில் காட்டும் அமைப்பு ஒன்றைக் கட்டிய குழுவில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். குழுவில் பாதிப்பேர் தமிழர்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் தேநீர் இடைவேளையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் அந்த ஒரே அமைப்பிலிருந்து வருபவை: 600 வண்டிகள், ஒவ்வொரு ஓட்டுநரின் கைபேசியும் ஐந்து நொடிக்கு ஒருமுறை இருப்பிடத்தை அனுப்பும், ஊழியர்களின் கைபேசி, காவலர் அறைத் திரை, பில் கணக்கு, எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதி ஆகியவை அதைப் பெற்றுக்கொள்ளும்.

பப்ளிஷ்–சப்ஸ்கிரைப் என்றால் என்ன? ஒருவருக்கொருவர் நேரடியாக அனுப்பினால் ஆகாதா?

ஆகும், பெறுபவர் ஒருவரே என்றால். ஓட்டுநரின் கைபேசிக்குப் பில் கணக்கு எந்தச் சர்வரில் ஓடுகிறது, எஸ்எம்எஸ் பகுதி இன்று இயங்குகிறதா என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது ஒரு டாபிக்கின், அதாவது ஒரு தலைப்பின், பெயரில் மெசேஜை வெளியிடுகிறது. அந்த டாபிக்குக்குச் சந்தா கட்டியவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள். இதுவே பப்ளிஷ்–சப்ஸ்கிரைப், சுருக்கமாகப் பப்–சப். நடுவில் நின்று பிரித்துக் கொடுப்பதற்குப் புரோக்கர் என்று பெயர். பெங்களூருவில் வீடு தேடியவர்களுக்கு இந்தச் சொல் வேறு நினைவுகளைக் கிளப்பும். இந்தப் புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பதில்லை. ஆனால் இவரும் தன்னிடம் வந்ததை எல்லாம் கட்டாயம் கொண்டு சேர்ப்பார் என்று நம்பிவிடக் கூடாது.

இது புதிய உத்தியா?

இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கென் பர்மனும் தாமஸ் ஜோசஃபும் 1987இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999இல் எம்க்யூடிடி (MQTT) என்ற மெசேஜ் நெறிமுறையை உருவாக்கினார்கள். லிங்க்ட்இன் நிறுவனத்தில் பிறந்த காஃப்கா (Kafka) என்ற மெசேஜ் மென்பொருள் 2011இல் திறந்த மூலமாக வெளிவந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது: காஃப்காவா, ரெடிஸா, எம்க்யூடிடியா?

பெரும்பாலோர் இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கருவியின் பெயரை எழுதுவதற்கு முன், மெசேஜைப் பெறும் ஒவ்வொருவரின் பெயரையும் தாளில் எழுதி, அதன் எதிரே ‘ஒரு மெசேஜ் தொலைந்தால் இவருக்கு என்ன நஷ்டம்?’ என்று எழுதிப் பாருங்கள். ஊழியரின் திரைக்கு நஷ்டம் ஏதுமில்லை, ஐந்து நொடியில் அடுத்த இருப்பிடம் வந்துவிடும். பில் கணக்குக்கோ ஒவ்வொரு புள்ளியும் பணம். இந்த இரண்டு தேவைகளுக்கும் ஒரே வழி பொருந்தாது.

நாங்கள் அதைச் செய்யவில்லை. முதல் வடிவத்தில் எல்லோரையும், தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் ரெடிஸ் (Redis) மென்பொருளின் பப்–சப் வசதியில் கட்டினோம். அது வானொலியைப் போன்றது. ஒலிபரப்பாகும் நேரத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே கேட்கும், பிறகு கேட்டால் கிடைக்காது. பெறுபவர் மெதுவாக வாசித்தால் ரெடிஸ் அவருக்கான மெசேஜ்களைச் சிறிது நேரம் நினைவகத்தில் தேக்கி வைக்கும். அந்தத் தேக்கம் 32 எம்பியைத் தாண்டினாலோ, 60 நொடிகள் தொடர்ந்து 8 எம்பிக்கு மேல் இருந்தாலோ இணைப்பையே துண்டித்துவிடும். இவை அதன் இயல்பான அமைப்பில் உள்ள எண்கள். எங்கள் பில் பகுதி நள்ளிரவில் அறிக்கை தயாரிக்கும்போது மெசேஜ்களை வாசிப்பதை நிறுத்திவிடும், ரெடிஸ் துண்டிக்கும், நாங்கள் பயன்படுத்திய லைப்ரரி சத்தமில்லாமல் மறுபடி இணைத்துக்கொள்ளும். இடையில் போனவை போனவைதான். நடப்பதைப் பதிந்து வைக்கும் லாகில் ஒரு எச்சரிக்கை வரிகூட இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் அல்லர். இரவு ஷிஃப்ட் வண்டிகளின் சொந்தக்காரர் ஒருவர், ஓடோமீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு நேரில் வந்து, “தம்பி, என் வண்டி ஓடின கிலோமீட்டரை உங்க கம்ப்யூட்டர் திங்குது” என்றார். அந்த மாதத்தின் கணக்கைப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதன் பிறகு பில் பகுதியைக் காஃப்காவுக்கு மாற்றினோம். அங்கே மெசேஜ்கள் டிஸ்கில் எழுதப்படுகின்றன. மாற்றாமல் விட்டால் ஏழு நாட்கள் வைத்திருக்கும். வாசிப்பவர் தூங்கி எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஓட்டுநரின் கைபேசியிலிருந்து வரும் வழிக்கு எம்க்யூடிடியை வைத்துக்கொண்டோம், ஏனென்றால் விட்டு விட்டு வரும் மொபைல் இணைப்புக்கு அதுவே ஏற்றது.

சில நூறு பேர் மட்டுமே பயன்படுத்தும் அமைப்பு என்றால், நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் லிசன்–நோட்டிஃபை வசதியே போதும் என்பது என் கருத்து. ஒரு மெசேஜ் 8000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். கேட்பவர் இணைப்பில் இல்லாவிட்டால் அதுவும் தொலையும். ஆயினும் பராமரிக்க இன்னொரு சர்வர் இல்லை என்பது சிறிய குழுவுக்குப் பெரிய நிம்மதி.

எம்க்யூடிடியின் மூன்று க்யூஓஎஸ் (மெசேஜ் சேரும் என்பதற்கான உறுதி) நிலைகளைத் தபாலோடு ஒப்பிடலாமா?

ஓரளவுக்கு ஒப்பிடலாம். நிலை 0 சாதாரண அஞ்சலட்டை. நிலை 1 ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபால். ஒப்புகை திரும்பி வராவிட்டால் மறுபடி அனுப்பப்படும், ஆகவே ஒரே கடிதம் இரண்டு முறை சேரலாம். நிலை 2 நான்கு முறை கைமாறி இரட்டிப்பைத் தவிர்க்கிறது. இருப்பிடத் தகவலுக்கு நாங்கள் 1ஐப் பயன்படுத்தினோம், 2ஐத் தொடவேயில்லை. இந்த உறுதிமொழி கைபேசிக்கும் புரோக்கருக்கும் இடையிலும், புரோக்கருக்கும் பெறுபவருக்கும் இடையிலும் தனித்தனியாகவே பொருந்தும். அதற்கு அப்பால் உங்கள் புரோகிராம் என்ன செய்கிறது என்பது புரோக்கருக்குத் தெரியாது.

டாபிக்கை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 வண்டிகள் ஐந்து நொடிக்கு ஒருமுறை அனுப்பினால் நொடிக்கு 120 மெசேஜ்கள் உள்ளே வருகின்றன. ஒரு வண்டியை எட்டுப் பேர் பார்க்கிறார்கள் என்றால் பார்ப்பவர்கள் 4,800 பேர். எல்லா வண்டிகளையும் ஒரே டாபிக்கில் போட்டு, தேவையற்றதைத் திரையிலேயே வடிகட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், 120ஐ 4,800ஆல் பெருக்க வேண்டும். நொடிக்கு 5,76,000 மெசேஜ்கள் வெளியே போகும். வண்டிக்கு ஒரு டாபிக் வைத்தால் 960 மட்டுமே. எம்க்யூடிடியில் வண்டிக்கொரு டாபிக் வைப்பது சாதாரணம். காஃப்காவில் அப்படி வைக்காதீர்கள். அங்கே ஒரே டாபிக்; மெசேஜ் எந்த வண்டியுடையது என்று அடையாளம் காட்டும் கீயாக வண்டி எண்.

வரைபடத்தில் வண்டி பின்னோக்கித் தாவுகிறது. என்ன காரணம்?

மூன்று காரணங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூன்றாவது எங்களை ஒரு முழு வாரம் அலைக்கழித்தது.

முதலாவது, கைபேசி அடித்தளப் பார்க்கிங்கில் இருந்தபோது தேக்கி வைத்த பழைய இருப்பிடங்களை வெளியே வந்ததும் மொத்தமாக அனுப்புவது. இரண்டாவது, எம்க்யூடிடியில் ஒரே கிளையண்ட் ஐடியோடு (இணைபவரின் அடையாளப் பெயரோடு) இரண்டு கருவிகள் இணைவது. விதிப்படி, புதிதாக வந்தவர் இணைந்ததும் பழையவரைப் புரோக்கர் வெளியேற்ற வேண்டும். வெளியேற்றப்பட்டவர் மறுபடி இணைய முயல்வார். உடனே மற்றவர் வெளியேற்றப்படுவார். இருவரும் மாறி மாறித் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் வண்டி எண்ணையே ஐடியாக வைத்திருந்தோம். ஓட்டுநர் அண்ணா ஒருவர் புதிய கைபேசி வாங்கியிருந்தார். பழையது அவர் வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஒரு புள்ளி ஓசூர் சாலையில், அடுத்த புள்ளி கே.ஆர். புரத்தில் அவருடைய வீட்டில். புரோக்கரின் லாகில் ஒரே ஐடி நொடிக்கு நொடி இணைவதும் விலகுவதுமாகத் தெரிந்தால், முதலில் இதையே சந்தேகியுங்கள்.

மூன்றாவது இது. காஃப்கா ஒரு டாபிக்கைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரிக்கிறது; வரிசை ஒழுங்கு ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே உறுதி. கீயிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஹேஷ் எண்ணைப் பார்ட்டிஷன் எண்ணிக்கையால் வகுத்து வரும் மீதியைக் கொண்டு, எந்த மெசேஜ் எங்கே போகும் என்பது முடிவாகிறது. மாலை நெரிசலில் வேலை தேங்குகிறது என்று, ஒருநாள் மாலை 6.10 மணிக்குப் பார்ட்டிஷன்களை 12இலிருந்து 24ஆக உயர்த்தினோம். பழைய பார்ட்டிஷன்களில் நான்கு நிமிடத் தேக்கம் இருந்தது. புதியவை காலியாக இருந்தன. ஒரு வண்டியின் 6.12 மணி இருப்பிடம் புதிய பார்ட்டிஷனில் விழுந்து உடனே திரைக்கு வந்தது. அதே வண்டியின் 6.08 மணி இருப்பிடம் பழைய பார்ட்டிஷனிலிருந்து அதன் பின்னால் வந்தது. வண்டி நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியது, மறுபடி அகரா ஏரிப் பக்கம் வந்தது, மறுபடி தாண்டியது. எங்களைக் குழப்பியது எதுவென்றால், பாதி வண்டிகள் மட்டுமே இப்படித் தாவின. 12இலிருந்து இரட்டிப்பாக்கும்போது ஏறத்தாழப் பாதிக் கீகள் பழைய இடத்திலேயே நிற்கும் என்பதை அன்று யாரும் தாளில் போட்டுப் பார்க்கவில்லை, ஜிபிஎஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தோம். தேக்கமும் அன்றிரவே வடிந்து, தாவலும் நின்றுவிட்டதால் மறுநாள் ஆராய ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்கு நிலையான தீர்வு என்ன?

கைபேசியே ஒவ்வொரு மெசேஜிலும் ஒரு வரிசை எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். பெறுபவர் தாம் கடைசியாகப் பார்த்த எண்ணைவிடச் சிறியது வந்தால் திரையில் காட்டக் கூடாது. சொல்வதற்கு ஒரு வரி. ஆனால் கைபேசியை அணைத்துப் போட்டால் எண் மறுபடி 1இலிருந்து தொடங்கும். அப்போது சரியான மெசேஜ்கள் எல்லாம் ‘பழையவை’ என்று நிராகரிக்கப்படும். எங்களுக்கு இதுவும் நடந்தது. ஆகவே இரண்டு எண்கள் வேண்டும்: செயலி எத்தனையாவது முறையாகத் தொடங்கியது என்பது ஒன்று, அந்தத் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மெசேஜ் என்பது மற்றொன்று. முதல் எண்ணை முதலில் ஒப்பிட வேண்டும். சமமாக இருந்தால் மட்டும் இரண்டாவதைப் பார்க்க வேண்டும். முதல் எண்ணைக் கைபேசியின் சேமிப்பில் எழுதி வைக்க வேண்டும்.

இந்த எண் இல்லாத அமைப்பில் ‘தொலைந்தது’, ‘தாமதமானது’, ‘அனுப்பப்படவே இல்லை’ என்ற மூன்றையும் வேறுபடுத்தவே முடியாது. எந்தக் கருவியை வாங்கினாலும் இதை நீங்களே செய்ய வேண்டும்.

வரிசை எண்ணுக்குப் பதில் நேரத்தை வைத்துக்கொண்டால் என்ன?

கைபேசியின் கடிகாரத்தை ஓட்டுநர் கையால் மாற்றலாம். இரண்டு சர்வர்களின் கடிகாரங்களும் ஒன்றாக ஓடுவதில்லை. தனித்தனிக் கணினிகளில் நடப்பவற்றின் முன்பின் வரிசையைக் கடிகாரம் இல்லாமல் எண்களாலேயே நிறுவ முடியும் என்று லெஸ்லி லாம்போர்ட் 1978இலேயே காட்டிவிட்டார். நேரத்தையும் அனுப்புங்கள், ஆனால் மனிதர் பார்ப்பதற்காக. நம் ஊருக்கென்றே ஓர் அடையாளக் குறி உண்டு: இரண்டு நேரங்களுக்கு இடையே மிகச் சரியாக 19,800 நொடிகள் வித்தியாசம் தெரிந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டாம். அது ஐந்தரை மணி நேரம். யாரோ இந்திய நேரத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எழுதிவிட்டார்கள்.

ஒரே எஸ்எம்எஸ் மூன்று முறை போகிறது. ஏன்?

காஃப்காவிலிருந்து வாசிப்பவர் ஒருமுறைக்கு 500 மெசேஜ்கள் வரை எடுத்துக்கொள்வார். அடுத்த முறை கேட்க வருவதற்கு ஐந்து நிமிட அவகாசம் உண்டு. இரண்டும் மாற்றாமல் விட்ட நிலையில் உள்ள எண்கள். எஸ்எம்எஸ்ஸை வெளியே அனுப்பித் தரும் கேட்வே ஒரு மாலை மந்தமாகி, ஒவ்வொன்றுக்கும் 0.7 நொடி எடுத்துக்கொண்டது. 500 எஸ்எம்எஸ்ஸுக்கு 350 நொடி. ஐந்து நிமிடமோ 300 நொடி. வாசிப்பவர் இறந்துவிட்டார் என்று காஃப்கா முடிவு செய்து அவருடைய பங்கை இன்னொருவரிடம் கொடுக்கும்; அவர் அதே 500ஐ முதலிலிருந்து தொடங்குவார்; அவரும் 300ஆவது நொடியில் ‘இறப்பார்’. வேலை நடக்கிறது, சிபியு ஓடுகிறது, எஸ்எம்எஸ் கட்டணமும் ஏறுகிறது, ஆனால் எதுவரை வாசித்தாயிற்று என்பதைக் குறிக்கும் ஆஃப்செட் ஓர் அங்குலம் நகர்வதில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்ட பெண் ஒருவருக்கு “உங்கள் வண்டி வந்துவிட்டது” என்று மூன்றாவது முறை எஸ்எம்எஸ் போனது.

ஒருமுறைக்கு எடுக்கும் எண்ணிக்கையை 50ஆகக் குறைத்தது உடனடி மருந்து. மெய்யான மருந்து வேறு: எஸ்எம்எஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐடி கொடுத்து, அனுப்பும் முன் அதைத் தரவுத்தளத்தில் இரட்டிப்பு அனுமதிக்காத நெடுவரிசையில் எழுதிப் பார்ப்பது, எழுத முடியாவிட்டால் ஏற்கெனவே கையாளப்பட்டுவிட்டது என்று பொருள். எழுதிய பின் அனுப்புவதற்குள் புரோகிராம் விழுந்தால் அந்த எஸ்எம்எஸ் போகாது. இந்தப் பகுதிக்கு மூன்று முறை போவதைவிட ஒருமுறை போகாமல் இருப்பது மேல் என்று நாங்கள் முடிவு செய்தோம். 2017இல் வந்த காஃப்கா 0.11இலிருந்து ‘ஒரே ஒரு முறை’ என்ற வசதி உள்ளதே என்று கேட்பார்கள். அது காஃப்காவிலிருந்து எடுத்துக் காஃப்காவுக்கே எழுதும் வேலைக்குப் பொருந்தும்; கேட்வேக்குப் போய்விட்ட எஸ்எம்எஸ்ஸை அதனால் திரும்பப் பெற முடியாது.

இணைப்பு இருப்பதாகச் சர்வர் சொல்கிறது, ஆனால் மெசேஜ் வருவதில்லை.

மறுமுனை விடைபெறாமல் மறைந்துவிட்டால், இணைப்பைத் தாங்கும் டிசிபி நெறிமுறைக்கு அது தெரியாது. லினக்ஸ் தானாகச் சரிபார்க்கத் தொடங்குவதற்கு, மாற்றாமல் விட்டால், இரண்டு மணி நேரம் ஆகும். அதுவும் சரிபார்ப்பை நீங்கள் இயக்கியிருந்தால்தான். எம்க்யூடிடியில் கீப்-அலைவ், அதாவது ‘இருக்கிறேன்’ என்று தெரிவிக்க வேண்டிய இடைவெளி, 30 நொடி என்று வைத்தால், அதன் ஒன்றரை மடங்கான 45 நொடி வரை எந்தச் சத்தமும் இல்லாவிட்டால் புரோக்கர் இணைப்பை முடித்துவிடும். அப்போது கைபேசி முன்கூட்டியே ஒப்படைத்திருந்த ‘உயில்’ மெசேஜை அதன் சார்பில் வெளியிடும். எங்கள் திரையில் அந்த வண்டி சாம்பல் நிறமாகும். சர்வருக்கும் திரைக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பான வெப்சாக்கெட்டில் இதற்கு எதிரான சிக்கல் வரும்: சரியாக ஒரு நிமிடம் அமைதியாக இருந்தால் இணைப்பு அறுகிறது என்றால், நடுவில் இருக்கும் என்ஜின்எக்ஸ் (nginx) சர்வரின் 60 நொடிக் காலவரம்பைப் பாருங்கள்.

விற்றுவிட்ட வண்டி இன்னும் வரைபடத்தில் நிற்கிறதே?

அது ரிடெய்ன் செய்த மெசேஜ். புதிதாக வருபவருக்கு உடனே காட்ட டாபிக்கின் கடைசி மெசேஜைப் புரோக்கர் வைத்திருக்கிறது. உள்ளடக்கம் இல்லாத மெசேஜ் ஒன்றை அதே டாபிக்குக்கு ரிடெய்ன் குறியோடு அனுப்பினால் அழிந்துவிடும். எங்கள் வண்டி மாரத்தஹள்ளிப் பாலத்தடியில் மூன்று மாதம் நின்றது.

புரோக்கரை மறுதொடக்கம் செய்தால் உடனே மறுபடி விழுகிறது.

மின்சாரம் போய்த் திரும்பும்போது, அடுக்குமாடியில் எல்லா வீட்டு ஏசியும் தண்ணீர் மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பி ஃபியூஸ் மறுபடி போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே நொடியில் திரும்பி வந்து, பாதுகாப்பான இணைப்புக்கான குறியாக்கக் கைகுலுக்கலைத் தொடங்குகின்றன. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருப்பின் உச்சவரம்பை 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாக்கி, ஒரு நிமிடத்தில் நிறுத்துங்கள். அந்த வரம்புக்குள் ஏதாவதொரு நொடியைக் கைபேசி குலுக்கிப் போட்டு எடுக்கட்டும். குலுக்கல் இல்லாமல் இரட்டிப்பு மட்டும் இருந்தால், எல்லோரும் சேர்ந்தே காத்திருந்து சேர்ந்தே வருவார்கள்.

பழுது பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

சராசரியைக் காட்டும் கிராஃப்களை மூடிவிட்டு, ஒரே ஒரு மெசேஜைப் பின்தொடருங்கள். வண்டி எண்ணும் வரிசை எண்ணும் நான்கு இடங்களில் லாகில் இருக்க வேண்டும்: கைபேசி அனுப்பியபோது, புரோக்கரிலிருந்து காஃப்காவுக்கு எழுதியபோது, வெப்சாக்கெட் சர்வர் வெளியே தள்ளியபோது, திரை வரைந்தபோது. ‘வண்டி 214, மெசேஜ் 8,807’ முதல் மூன்றிலும் இருந்து நான்காவதில் இல்லை என்றால், தேட வேண்டிய இடம் ஒன்றுதான். காஃப்காவின் தேக்கத்தையும் பார்ட்டிஷன் வாரியாகப் பாருங்கள். பன்னிரண்டில் ஒன்று முழுக்க நின்றுபோயிருந்தாலும் சராசரி அழகாகவே தெரியும்.

இன்னொன்றையும் வைத்திருந்தோம். இல்லாத வண்டி ஒன்றை உருவாக்கி, ஐந்து நொடிக்கு ஒருமுறை இருப்பிடம் அனுப்பச் செய்தோம். மறுமுனையில் பதினைந்து நொடி வரை அது வந்து சேராவிட்டால் எங்கள் கைபேசிகள் அலறும். இரவெல்லாம் ஊரைச் சுற்றி வருவதால் அதற்கு ஐயனார் என்று பெயர் வைத்தோம். கன்னடத் தோழர் ஒருவர் முனேஸ்வரா என்றுதான் வைத்திருக்க வேண்டும் என்று கடைசி வரை வாதாடினார். அதிகாலை மூன்று மணிக்கு “ஐயனார் நின்றுவிட்டார்” என்று வரும் எச்சரிக்கையை வீட்டில் இருப்பவர்களுக்கு விளக்குவது சற்றுக் கடினம்.

சுமைச் சோதனையில் 28,000 இணைப்புகளுக்கு மேல் போகவில்லை. புரோக்கரின் வரம்பா?

பெரும்பாலும் இல்லை. சோதிக்கும் கணினியில் லினக்ஸ் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு ஒதுக்கும் போர்ட்டுகள் 32,768 முதல் 60,999 வரை, அதாவது 28,232. ஒரே ஐபியிலிருந்து ஒரே இலக்குக்கு அதற்கு மேல் திறக்க முடியாது. இன்னொரு கணினியைச் சேருங்கள். 1,024 பக்கத்திலேயே நின்றுவிட்டால், திறந்திருக்கும் ஃபைல்களின் வரம்பைப் பாருங்கள்.

மெசேஜின் வடிவத்தைப் பிறகு மாற்றலாமா?

புதிய புலங்களை (ஃபீல்டுகளை) சேர்க்கலாம். தெரியாத புலத்தைப் பெறுபவர் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். பழைய புலத்தின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பொருளை மட்டும் மாற்றாதீர்கள். எங்கள் கைபேசிச் செயலி வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று அனுப்பிக்கொண்டிருந்தது. பெறுபவர் அதை 3.6ஆல் பெருக்கி, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஆக்குவார். ஒருவர் நல்லெண்ணத்தோடு செயலியிலேயே கிலோமீட்டராக மாற்றி, அதே பெயரில் அனுப்பத் தொடங்கினார். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்த வண்டிகள் எல்லாம் 72 என்று காட்டின. அதிவேக எச்சரிக்கையின் வரம்பு 70. எங்களுக்கு முன் அதைப் பிடித்தவர் காவலர் அறையில் இருந்தவர். தொலைபேசியில் அவர் கேட்டது இவ்வளவே: “சாயங்காலம் ஏழு மணிக்கு, சில்க் போர்டுல, எழுபத்திரண்டு ஸ்பீடா சார்?”